பெயருக்கு ஒரு வரி கொடுங்கள்

தமிழில் மருத்துவப் பாடநூலும் கலைச்சொல் தொகுதியும் ஆக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். நான் மருத்துவன் அல்ல. மருத்துவமனைகள் நோயாளிகள் கையில் கொடுக்கும் துண்டறிக்கைகளையும், அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவங்களையும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவது என் பிழைப்பு. பதினாறு வருடங்களாக இதே வேலை. நீங்கள் மாணவருக்கு எழுதுகிறீர்கள், நான் நோயாளிக்கு எழுதுகிறேன். இரண்டு பேரும் தடுக்கி விழும் கல் ஒன்றுதான்: நோய்களோடும் கருவிகளோடும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆள் பெயர்கள். பார்க்கின்சன், அல்சைமர், ஹாட்ஜ்கின், ஃபோலி, ரைல் என்று பெரிய பட்டியல். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் ஒருவரைப் பார்க்கக் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா, மடியில் ஏழெட்டு மாதக் குழந்தை. அவர் கையில் நான் மொழிபெயர்த்த துண்டறிக்கை. நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்து, மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்தே தேய்ந்துபோயிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டுக் கேட்டார்: "சார், நாங்க கிராமத்து ஆளுங்க. டவுனுக்குச் சந்தைக்குப் போறதோட சரி. எம்புள்ளைக்கு எப்படி சார் டவுன் நோய் வந்துச்சு? பிரசவத்துக்கு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனதாலதான்னு எங்க மாமியார் சொல்லிட்டே இருக்காங்க."

தலைப்பைப் பார்த்தேன். ‘டவுன் நோய்க்குறித்தொகுப்பு’. நான் போட்டதுதான். டவுன் பஸ்ஸில் இருக்கும் அதே டவுன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்று அந்தத் தாளில் ஒரு இடத்திலும் நான் எழுதவில்லை. "அது ஒரு டாக்டர் பேரும்மா" என்றேன். "டாக்டர் பேரா!" என்றார். அப்புறம் அந்தத் தாளை மறுபடி பிரித்து, தலைப்பை மட்டும் ஒருமுறை வாசித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

அவருக்கு நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியது இது. ஜான் லாங்டன் டவுன், இங்கிலாந்தில் சர்ரே பகுதியில், அறிவு வளர்ச்சி குறைந்தவர்களுக்கான எர்ல்ஸ்வுட் காப்பகத்தின் பொறுப்பு மருத்துவராக இருந்தவர். 1866இல் ஒரு கட்டுரை எழுதினார். அங்கே இருந்த பிள்ளைகளில் சிலர், ஒரே வீட்டில் பிறக்காதவர்களாக இருந்தும், உடன்பிறந்தவர்கள் போல முகச்சாயல் கொண்டிருப்பதைப் பார்த்து விவரித்தார். விவரித்த வரைக்கும் சரி. பெயர் வைத்த விதம்தான் மோசம். அந்த முகச்சாயல் மங்கோலியரை ஒத்திருக்கிறது என்று சொல்லி, ‘மங்கோலிய’ வகை என்று பெயரிட்டார். வேடிக்கை என்னவென்றால், மனித இனம் ஒன்றே என்பதற்கு அந்த ஒப்புமையை ஒரு சான்றாகத்தான் அவர் கட்டுரை முடிவில் காட்டுகிறார். நல்ல முடிவுக்குப் போகக் கெட்ட வழி. அந்தச் சொல் நூறு வருடம் அந்தக் குழந்தைகளின் மேல் ஒட்டிக்கொண்டது. 1905இல் அவருடைய பேரன் ஒருவனே அதே நிலையோடு பிறந்தான். 1961இல் மரபியல் அறிஞர்கள் சிலர் இந்தச் சொல்லைக் கைவிடுங்கள் என்று லான்செட் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார்கள். மங்கோலியாவே கேட்டுக்கொண்ட பிறகு 1965இல் உலக சுகாதார நிறுவனமும் அதை விட்டது. ஆக, டவுன் என்ற ஆள் பெயர் ஒரு இனத்தை இழிவுபடுத்திய பெயரை நீக்குவதற்காக வந்த பெயர். இந்தக் கதை தெரியாமல் "ஆள் பெயரெல்லாம் காலனியக் குப்பை, தூக்கி எறியுங்கள்" என்று சொல்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும்.

அதே கதையில் பெயர் கிடைக்காத ஒருவரும் உண்டு. அந்தக் குழந்தைகளுக்கு 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கிறது என்பது 1959 ஜனவரியில் வெளியானது. கட்டுரையில் முதல் பெயர் ஜெரோம் லெழூன். ஆனால் பாரிஸில் அந்த ஆய்வகத்தை ஒண்டியாகக் கட்டி, திசுவை வளர்த்து, குரோமோசோமைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்தவர் மார்த் கோத்தியே என்ற பெண் மருத்துவர். கையில் பணம் இல்லாமல் கடன் வாங்கிக் கண்ணாடிச் சாமான் வாங்கினார். பிளாஸ்மாவுக்காக ஒரு சேவலை வளர்த்தார். சீரத்துக்குத் தன் ரத்தத்தையே எடுத்துக்கொண்டார். கட்டுரை அச்சானபோது அவர் பெயரைப் பிழையாகப் போட்டிருந்தார்கள்.

உங்கள் குழுவில் இரண்டு கட்சி இருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் தொழிலில் இருக்கிறது. ஒன்று, எல்லாப் பெயரையும் எடுத்துவிட்டு உறுப்பையும் காரணத்தையும் வைத்துத் தமிழ்ச்சொல் ஆக்கும் கட்சி. இன்னொன்று, எல்லாவற்றையும் அப்படியே ஒலிபெயர்த்து எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகும் கட்சி. முதல் கட்சிக்குத் துணையாக ஒரு வாதமும் உண்டு. 2015இல் உலக சுகாதார நிறுவனம், புதிய நோய்களுக்கு ஆள் பெயர், ஊர்ப் பெயர், விலங்கின் பெயர் எதையும் வைக்காதீர்கள் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. நல்ல விஷயம். ஆனால் அது புதிய நோய்களுக்கு. ஏற்கெனவே ஒட்டிய பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மொத்தமாகத் தீர்ப்பு எழுதினால் அங்கேயும் இங்கேயும் அநியாயம் நடக்கும்.

பார்க்கின்சனை எடுத்துக்கொள்ளுங்கள். ஜேம்ஸ் பார்க்கின்சன் லண்டனில் ஹாக்ஸ்டன் பகுதியில் வைத்தியம் பார்த்தவர். 1817இல் அறுபத்துச் சொச்சம் பக்கத்தில் ஒரு சிறுநூல் எழுதினார். அதில் அவர் விவரிப்பது மொத்தமே ஆறு பேரை. அவர்களில் மூவர் தெருவில் கண்ணில் பட்டவர்கள். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. கை நடுங்குவதையும், உடம்பு முன்னால் சாய்வதையும், நடை ஓட்டமாக மாறுவதையும் தெருவோரம் நின்று கவனித்தே பிடித்துவிட்டார். மனிதர் சும்மா இருப்பவரும் அல்ல. புனைபெயரில் அரசியல் துண்டுப்பிரசுரங்கள் எழுதினார். அரசரைக் கொல்லச் சதி என்று போடப்பட்ட ஒரு வழக்கில் 1794இல் அவரை விசாரித்தார்கள். புதைபடிவம் சேகரித்தார்; லண்டன் புவியியல் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த நோய்க்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘நடுங்கும் வாதம்’. அவர் தன் பெயரை வைக்கவில்லை. ரொம்ப வருடம் கழித்துப் பாரிஸின் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ தான் பார்க்கின்சன் பெயரைச் சூட்டினார்.

நம்மிடம் நடுக்குவாதம் என்ற சொல் இருக்கிறது. பார்க்கின்சனின் சொல்லும் நம் சொல்லும் ஏறக்குறைய ஒன்று. அப்படியிருக்க, பாடநூலில் ‘பார்க்கின்சன் நோய்’ என்று மட்டும் போட்டுவிட்டு நடுக்குவாதத்தை ஏன் மூலையில் தள்ள வேண்டும்? தலைப்பில் நடுக்குவாதம், பக்கத்திலேயே பார்க்கின்சன் நோய், கீழே அந்த ஆறு பேரைப் பற்றி ஒரு வரி. மாணவன் அந்த ஒரு வரியை மறக்க மாட்டான். எந்தப் பரிசோதனையும் இல்லாமல் தெருவிலேயே அடையாளம் காணக்கூடிய நோய் இது என்பது அந்த வரியிலேயே வந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறானது தொழுநோய். இங்கே நம் சொல்தான் சுடுகிறது. குஷ்டம், பெருவியாதி என்று சொன்ன மாத்திரத்தில் வீட்டுத் திண்ணையில் தனித் தட்டு வந்துவிடும். தொழுநோய் என்று மாற்றினோம். அதுவும் நாளடைவில் பழைய கறையை வாங்கிக்கொண்டது. இந்தியாவில் 2019 வரைக்கும் கணவனோ மனைவியோ தொழுநோயாளி என்பது விவாகரத்துக்கு ஒரு காரணமாகச் சட்டத்தில் இருந்தது. கூட்டுமருந்துச் சிகிச்சையால் குணமாகும் நோய்க்கு இந்த நிலை. ‘ஹான்சன் நோய்’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் நோயாளி அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தைரியமாக வீட்டுக்குப் போகிறார். எனக்கே பலர் சொல்லியிருக்கிறார்கள்: "அந்தப் பேர்லயே போட்டுடுங்க சார்." இங்கே ஆள் பெயர் ஒரு போர்வை. அதைப் பிடுங்காதீர்கள்.

ஆனால் அந்தப் போர்வைக்குள் இருக்கும் ஆளையும் மறைக்க வேண்டாம். நார்வேயில் பெர்கன் ஊரில் கெர்ஹார்ட் அர்மாவர் ஹான்சன் 1873இல் தொழுநோய்க் கிருமியைக் கண்டார். நோய் பரம்பரையாக வருகிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது, இல்லை, தொற்று என்று காட்டியவர். அதை நிரூபிக்கும் ஆத்திரத்தில் 1879இல், நோயாளிப் பெண் ஒருவரின் கண்ணில், அவர் சம்மதம் கேட்காமலேயே, வேறொரு நோயாளியிடமிருந்து எடுத்ததைச் செலுத்தினார். வழக்கு நடந்தது. மறு வருடம் மருத்துவமனை வேலை போயிற்று. ஒப்புதல் படிவம் மொழிபெயர்க்கிறவன் என்பதால் இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கிறது. ‘என்னைக் கேட்கவில்லை’ என்று ஒரு பெண் சொன்னதை 1880இலேயே ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம் மாணவர்கள் ஹான்சனைப் படிக்கும் பக்கத்திலேயே அதையும் படிக்கட்டும்.

சில பெயர்களை யோசனையே இல்லாமல் எடுத்துவிடலாம். ஹான்ஸ் ரைட்டர் ஹிட்லர் ஆட்சியில் ஜெர்மன் சுகாதார அலுவலகத்தின் தலைவராக இருந்தவர். புகன்வால்ட் முகாமில் கைதிகள் மேல் நடந்த டைஃபஸ் சோதனைகளில் அவருக்குப் பங்கு உண்டு. ‘ரைட்டர் நோய்’ என்பதை இப்போது எதிர்வினை மூட்டழற்சி என்கிறார்கள். 1942இல் அந்தப் பெயரை வழக்கத்துக்குக் கொண்டுவந்த எங்கிள்மன் என்ற மருத்துவரே பிற்பாடு அதை நீக்கச் சொன்னார், கையெழுத்தும் போட்டார். ரத்தக்குழாய் அழற்சி நோய் ஒன்றுக்கு இருந்த வெகனர் பெயரும், அவர் நாஜிக் கட்சிக்காரர் என்று தெரிந்த பிறகு, 2011இல் போயிற்று. இவற்றைத் தமிழில் புதிதாக நுழைப்பது, அங்கே குப்பையில் போட்டதைப் பொறுக்கி வந்து நம் வீட்டு அலமாரியில் வைப்பது மாதிரி. பழைய ஆங்கிலப் பதிப்பை வைத்து மொழிபெயர்க்கும்போது இது நடந்துவிடும். கவனம்.

எனக்கு முடிவு சொல்லத் தெரியாத பெயர் சிம்ஸ். நம் ஊரில் எந்தப் பிரசவ அறைக்குப் போனாலும் தட்டில் சிம்ஸ் ஸ்பெகுலம் இருக்கும், பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் கருவி. இரண்டு பக்கமும் வாத்து அலகு போல வளைந்த எஃகு. மாணவி கையில் எடுக்கிறாள், கழுவுகிறாள், பெயரைச் சொல்கிறாள். ஜேம்ஸ் மேரியன் சிம்ஸ் அமெரிக்காவின் அலபாமாவில் ஒரு ஈயக் கரண்டியை வளைத்து முதலில் பார்த்தார். அவர் குணப்படுத்த முயன்றது பிரசவத்தில் கிழிந்து, சிறுநீர் நிற்காமல் ஒழுகும் நிலையை. அவர் பழகியது அடிமைப் பெண்கள் மேல். 1845இலிருந்து 1849 வரை, மயக்க மருந்து இல்லாமல். அவர்களில் மூன்று பெயர்கள் மட்டும் நமக்குத் தெரியும்: அனார்க்கா, பெட்ஸி, லூசி. அனார்க்காவுக்கு மட்டும் சுமார் முப்பது முறை அறுவை நடந்தது. கடைசியில் வெள்ளிக் கம்பியால் தைத்தபோது மூடியது. அதன்பின் உலகமெங்கும் எத்தனையோ பெண்கள் அந்தத் தையலால் பிழைத்தார்கள் என்பதும் உண்மை. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இருந்த அவர் சிலையை 2018 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள்.

சிலையை எடுக்கலாம், கருவியின் பெயரை மாற்றினால், அனார்க்காவைப் பற்றிப் பேச இருக்கும் ஒரே சாக்கும் போய்விடுமோ என்று தோன்றுகிறது. பெயர் இருக்கட்டும், பக்கத்தில் அந்த மூன்று பெயர்களும் இருக்கட்டும் என்பது இன்றைக்கு என் கருத்து. நாளைக்கு மாறலாம். என் மனைவி இதை ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தாளு பேரு எதுக்கு, அனார்க்கா ஸ்பெகுலம்னு வையுங்களேன்" என்கிறாள்.

கருவிகளைப் பற்றிச் சொல்லும்போது என் அப்பா ஞாபகம் வருகிறது. பக்கவாதம் வந்து இருபத்து மூன்று நாள் படுக்கையில் கிடந்தார். அந்த நாட்களில் நான் காதில் கேட்டதெல்லாம் இரண்டு பெயர்கள். "ரைல்ஸ் ஃபீட் குடுத்தாச்சா?" "ஃபோலீஸ் பை நிரம்பிருச்சு, பாருங்க." மூக்கில் ரைல், கீழே ஃபோலி, நடுவில் அப்பா. இரவு இரண்டு மணிக்கு, சிரிஞ்சைக் குழாயில் பொருத்தி உயரப் பிடித்து, கஞ்சி மெல்ல மெல்ல இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, யாருய்யா இந்த ரைல் என்று முதல் தடவையாக யோசித்தேன். அப்போதே பத்து வருடமாக அந்தச் சொல்லை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவன்.

ஜான் ரைல் லண்டனில் கைஸ் மருத்துவமனையில் இருந்தவர். 1921இல் அந்த மெல்லிய ரப்பர் குழாயைப் பற்றி எழுதினார். உணவு கொடுப்பதற்காக அல்ல. வயிற்றில் அமிலம் எவ்வளவு சுரக்கிறது என்று உறிஞ்சிப் பார்ப்பதற்காக. அப்புறம் அவருக்கு வேறு சிந்தனை வந்தது. ஏழைக்கு ஏன் ஒரு நோய் வருகிறது, பணக்காரனுக்கு ஏன் வேறு நோய் என்று கேட்கத் தொடங்கினார். கேம்பிரிட்ஜில் வகித்த பெரிய பதவியை விட்டுவிட்டு, 1943இல் ஆக்ஸ்ஃபோர்டில் சமூக மருத்துவத்துக்கு முதல் பேராசிரியராகப் போனார். பல நாடுகளில் இன்று மூக்கு-இரைப்பைக் குழாய் என்று உறுப்பை வைத்தே சொல்கிறார்கள். நம் ஊர் வார்டுகளில்தான் ரைல் இன்னும் உயிரோடு இருக்கிறார். இந்தப் பெயரை மாற்றிப் பார்த்தாலும் மாறாது. ஆயாம்மா வரைக்கும் பழகிவிட்டது.

ஃபோலியின் கதை வேறு. அமெரிக்காவில் மினசோட்டாவில் சிறுநீரகவியல் மருத்துவர். சிறுநீர் வடிக்க, நுனியில் பலூன் வைத்த குழாயை உருவாக்கினார். உள்ளே போனதும் பலூனை ஊதினால் குழாய் நழுவாது. காப்புரிமையில் ஒரு ரப்பர் கம்பெனிக்காரர் முந்திக்கொண்டார். ஃபோலி வழக்காடி, கடைசியில் தோற்றார். காசு போயிற்று, பெயர் நின்றது.

அப்கார் பற்றி உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிறந்த குழந்தைக்கு முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் போடும் மதிப்பெண்ணை ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து என்று நினைத்து, அதற்கு ஒரு தமிழ்ச் சுருக்கம் கட்டியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். வர்ஜீனியா அப்கார் ஒரு பெண். 1952இல் அந்த மதிப்பீட்டைச் சொன்னார். பத்து வருடம் கழித்துத்தான் யாரோ அவர் பெயர் எழுத்துகளுக்குள் ஐந்து சொற்களைப் பொருத்தினார்கள். அவர் ஆசைப்பட்டது அறுவை மருத்துவராக. பெண்ணுக்கு அதில் பிழைப்பு நடக்காது, மயக்கவியல் படி என்று திருப்பி அனுப்பியவர் ஆலன் விப்பிள். ஆம், கணையப் புற்றுக்குச் செய்யும் விப்பிள் அறுவையின் அதே விப்பிள். உங்கள் அறுவையியல் நூலில் அவர் வருவார், குழந்தை மருத்துவ நூலில் இவர் வருவார்.

சரி, நம் ஊருக்கு வருவோம். கருங்காய்ச்சலின் (காலா அசார்) ஒட்டுண்ணிக்கு லீஷ்மேனியா டோனோவானி என்று பெயர். மாணவர்கள் இதை லத்தீன் மந்திரம் போல மனப்பாடம் செய்கிறார்கள். அந்த டோனோவன் மதராஸ்காரர். சார்லஸ் டோனோவன் கல்கத்தாவில் பிறந்த ஐரிஷ்காரர். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர். இங்கிலாந்தில் லீஷ்மன் என்ற ராணுவ மருத்துவர், கல்கத்தா பக்கத்து டம்டமில் பணியாற்றித் திரும்பி இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் விசித்திரமான புள்ளிகளைக் கண்டு 1903 மே மாதம் வெளியிட்டார். அதைப் படித்த டோனோவனுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும். அதே புள்ளிகளை ஏப்ரலிலேயே மதராஸ் பொது மருத்துவமனையில் பிணப் பரிசோதனையில் பார்த்திருந்தார். செத்த உடம்பில் அழுகியதால் வந்தவையா, நோயால் வந்தவையா என்ற சந்தேகத்தைத் தீர்க்க, ஜூன் 17ஆம் தேதி உயிரோடு இருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசியால் எடுத்துப் பார்த்தார். அங்கேயும் இருந்தன. யார் முதல் என்று இருவருக்கும் உரசல். மலேரியா ஆய்வாளர் ரொனால்ட் ராஸ் நடுவில் புகுந்து, பேரினத்துக்கு ஒருவர் பெயர், சிற்றினத்துக்கு இன்னொருவர் பெயர் என்று பாகம் பிரித்தார். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே நடந்த விஷயம் இது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வரி போகவில்லை என்றால் எப்படி?

மதுரைக்கும் பங்கு உண்டு. ‘மதுரா ஃபுட்’ என்று பாடநூலில் வரும் பாத நோய், முள்ளோ கல்லோ குத்திய காலில் வீங்கி, துளை துளையாகச் சீழும் மணிகளும் வடியும் நோய். மதுரையில் 1842இல் கில் என்ற மருத்துவர் விவரித்ததால் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பூஞ்சைதான் காரணம் என்று 1860 வாக்கில் பம்பாயிலிருந்து எழுதியவர் ஹென்றி வாண்டைக் கார்ட்டர். இந்தப் பெயரை எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா? உங்களில் கிரேயின் உடற்கூறியல் நூலைக் கையில் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் அவர் கைவேலையைப் பார்த்தே வளர்ந்தவர்கள். 1858இல் வந்த முதல் பதிப்பின் படங்கள் முழுக்க அவர் வரைந்தவை. நரம்பின் பெயரை நரம்பின் மேலேயே எழுதும் முறையும் அந்தப் படங்களில் உண்டு. ஹென்றி கிரே எழுதினார், கார்ட்டர் வரைந்தார். கிரேக்கு விற்பனைக்கு ஏற்பப் பணம் வந்துகொண்டே இருந்தது. கார்ட்டருக்கு ஒரே தடவை 150 பவுண்டு. அச்சுக்கு முந்தைய தாளில் கார்ட்டரின் பெயரைச் சிறிய எழுத்தில் போடச் சொல்லிக் கிரே திருத்தம் எழுதினார். கார்ட்டர் அதற்குள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியிருந்தார். மூன்று வருடத்தில் கிரே பெரியம்மையில் இறந்துபோனார், வயது 34. கார்ட்டர் பம்பாயில் முப்பது வருடம் வேலை பார்த்தார். நார்வேக்குப் போய் ஹான்சனைச் சந்தித்து, தொழுநோயைப் பற்றியும் எழுதினார். இன்றைக்கும் அந்த நூலுக்கு ‘கிரே’ என்றுதான் பெயர். தமிழிலாவது அட்டையில் இல்லாவிட்டாலும் முன்னுரையில் கார்ட்டருக்கு இடம் கொடுங்கள்.

எழுத்துக்கூட்டல் பற்றி இரண்டு வார்த்தை. தைராய்டைத் தாக்கும் கிரேவ்ஸ் நோயில் ‘ஸ்’ உடைமை உருபு அல்ல. டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸின் பெயரே அப்படித்தான் முடிகிறது. ‘கிரேவ் நோய்’ என்று எழுதினால் தப்பு. மணிக்கட்டு முறிவுக்கு உள்ள கோலிஸும் அதே கதை. ஆனால் பெல், டவுன், ரைல் ஆகியவற்றில் வரும் ‘ஸ்’ ஆங்கிலேயனுடையது, நமக்கு வேண்டாம். கழுத்து வீங்கிய ஒரு கல்லூரிப் பெண், கிரேவ்ஸ் என்றால் கல்லறை என்று நினைத்து இரண்டு நாள் தூங்காமல் இருந்ததை அவள் அப்பா என்னிடம் சொன்னார். அப்புறம், சென்னையில் ஹாட்ஜ்கின் என்று எழுதினால் யாழ்ப்பாணத்தில் ஹொட்ஜ்கின் என்பார்கள். டாக்டர், டொக்டர் மாதிரிதான். அகரவரிசையில் இரண்டையும் போட்டுவிடுங்கள், சண்டை வேண்டாம்.

யாழ்ப்பாணம் என்றதும் நினைவு வருகிறது. மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் உங்கள் வேலையை 150 வருடங்களுக்கு முன்னாலேயே செய்தார். மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக் கொடுத்து, பாடநூலும் ஆக்கினார். உடற்கூறுக்கு அங்காதிபாதம் என்று பழைய சொல்லை எடுத்தார். வேதியியலுக்குக் கெமிஸ்தம் என்று அயல்சொல்லுக்கே தமிழ் வால் ஒட்டினார். எதையும் ஒரே அளவுகோலால் அளக்கவில்லை.

நம்மிடம் இந்தப் பழக்கம் இல்லை என்றும் சொல்ல முடியாது. சித்த மருத்துவத்தில் அகத்தியர் குழம்பு இருக்கிறது. ஆனால் நம் மரபில் எனக்குப் பிடித்தது இதற்குத் தலைகீழான ஒன்று. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களுக்குச் சில புலவர்களின் பெயர் தெரியவில்லை. அதற்காக ‘யாரோ’ என்று விட்டுவிடவில்லை. பாட்டில் வரும் தொடரையே எடுத்து, செம்புலப்பெயனீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று பெயர் வைத்தார்கள். மருத்துவத்தில் பெயர் இல்லாமல் போனவர்கள் பெரும்பாலும் நோயாளிகள். டோனோவனின் அந்தச் சிறுவன் யார்? பார்க்கின்சன் தெருவில் பார்த்த மூவர்?

அனார்க்கா, பெட்ஸி, லூசி போல இன்னொரு பெயரும் தப்பித்து வந்திருக்கிறது. 1901 நவம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் 51 வயதுப் பெண் ஒருவரைச் சேர்த்தார்கள். மருத்துவர் கேள்வி கேட்டு, பதிலை அப்படியே எழுதிவைத்தார். உங்கள் பெயர்? அவுகுஸ்ட. குடும்பப் பெயர்? அவுகுஸ்ட. கணவர் பெயர்? அவுகுஸ்ட என்று நினைக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டில் காலிஃபிளவரும் பன்றிக்கறியும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்றார். கீரை என்றார் அந்த அம்மா. 1906இல் அவர் இறந்த பிறகு மூளையை நுண்ணோக்கியில் பார்த்த அந்த மருத்துவரின் பெயர் அலோயிஸ் அல்சைமர். நோய்க்கு அவர் பெயர் 1910இல் வந்தது. நோயாளியின் கோப்பு காணாமல் போய், 1995இல் கிடைத்தது. அவுகுஸ்ட டேட்டர் என்று முழுப் பெயரும் அதில்தான் தெரியவந்தது. மறதி நோய் பற்றிய உங்கள் பாடத்தில் அந்தக் கேள்வி பதில் நாலு வரியும் இருந்தால் வேறு விளக்கமே வேண்டாம்.

நான் கேட்பது பெரிய வேலை அல்ல. ஒரு பெயர் முதல் தடவை வரும் இடத்தில் ஒரு வரி: யார், எங்கே, எப்போது, என்ன செய்தார். தமிழ்ச்சொல் இருந்தால் அது முன்னால். தமிழ்ச்சொல் காயப்படுத்தினால் பெயர் முன்னால். பக்கம் கூடும் என்று சொல்வீர்கள். கூடட்டும்.

அந்தத் துண்டறிக்கையைப் போன மாதம் திருத்தினேன். ஊர்க் குழப்பம் வராமல் இருக்கட்டும் என்று தலைப்பை ‘டௌன்’ என்று மாற்றிக் கொடுத்தேன். அச்சகத்திலிருந்து வந்த தாளில் ‘டெளன்’ என்று இருந்தது; ஔகாரத்தின் பின்பாதியை ளகரம் என்று நினைத்து யாரோ அடித்திருக்கிறார்கள். திருத்தி அனுப்பினேன். மறுபடியும் டெளன். மூன்றாம் முறை பழையபடி டவுன் என்றே போடச் சொல்லிவிட்டேன். கீழே இந்த வரிகளைச் சேர்த்திருக்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்: ‘டவுன் என்பது ஊரைக் குறிக்கும் சொல் அல்ல. இந்த நிலையை 1866இல் விவரித்த இங்கிலாந்து மருத்துவர் ஜான் லாங்டன் டவுனின் பெயர். பிரசவம் எங்கே நடந்தது என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.’

இப்படிக்கு,
ஒரு மருத்துவ மொழிபெயர்ப்பாளன்